பூட்டுக்காரர் கட்டின புகை வரி

நம்ம பூட்டுக்காரருக்குத் திறக்க முடியாத பூட்டு இந்த ஊரில் கிடையாது. ஏற முடியாத படிதான் உண்டு.

குடியிருப்பு நாலாவது மாடியில். லிஃப்ட் என்று ஒரு கதவு இருக்கிறது, அது கட்டின நாளிலிருந்து கதவாகவே இருக்கிறது. பூட்டுக்காரர் ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் ஊதுகிறவர். சனிக்கிழமையானால் ஒரு பாட்டில். அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் நாலு மாடி ஏற முடியுமா? ஒவ்வொரு மாடியிலும் நின்றுவிடுவார். சும்மா நின்றால் கௌரவம் போய்விடுமே! அதனால் எதிரே இருக்கிற கதவின் பூட்டைக் குனிந்து பார்ப்பார். "சத்தம் போடுதே" என்பார். சட்டைப் பையிலிருந்து சின்ன எண்ணெய்ப் புட்டியை எடுத்து ரெண்டு சொட்டு விடுவார். மூச்சு வரும், கிளம்புவார். மூணு மாடிக் கதவுகளும் வெண்ணெய் மாதிரி திறப்பதற்குக் காரணம் அவருடைய இருமல்தான்.

அது கையோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். எந்தப் பூட்டைத் தொட்டாலும் ரெண்டு சொட்டு விடாமல் கையை எடுக்க மாட்டார். வறண்ட பூட்டை விட்டுவிட்டு வருவது, சட்டை போடாத குழந்தையைத் தெருவில் விட்டு வருவது மாதிரி அவருக்கு.

ஒருநாள் ஒரு ஆறாவது மாடிக்காரி போன் பண்ணினாள். அடுப்பில் பால், வெளியே அவள், கதவு சாத்திக்கொண்டது. இவர் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் பால் கரியாகி, அந்தப் புகைக்கு ஊரே கூடிவிட்டது. அந்தம்மா காசைக் கொடுத்துவிட்டு, "அடுத்த தடவை மாடி ஏறத் தெரிஞ்ச ஆளாக் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டாள். அந்தச் சொல் நாலாவது மாடிக்கு இவருக்கு முன்னால் ஏறி வந்துவிட்டது.

பூட்டுக்காரரின் வீட்டம்மா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாவிட்டால்தான் ஆபத்து. இரண்டாவது மாடியில் குடியிருக்கிற சுகாதார நிலையத்து நர்ஸைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தாள்.

"அண்ணே, சிகரெட்டுக்கும் சரக்குக்கும் அரசாங்கம் வரி போடுதில்ல? அதுல ஒரு பங்கைத்தான் எங்ககிட்ட குடுக்கிறாங்க. சுவரொட்டி ஒட்டறோம், பள்ளிக்கூடத்துல போய்ப் பேசறோம், விடணும்னு வர்றவங்களுக்கு வகுப்பு நடத்தறோம். எல்லாம் அந்தப் பணம்தான்."

"அப்போ உனக்குச் சம்பளம் குடுக்கிறதே நான்தான்னு சொல்லு!"

"ஆமாண்ணே. ராத்திரி நீங்க இருமறது கீழ வரைக்கும் கேக்கும். நன்றியோட படுத்துக்குவேன்."

வீட்டம்மா தொண்டையைச் செருமினாள். "அரசாங்கம் போடலாம்னா நானும் போடலாம். இன்னையிலேர்ந்து வீட்டு வரி. நாள் முழுக்க ஊதறதுக்கு ஒரு நோட்டு. சனிக்கிழமை பாட்டிலுக்குத் தனியா ஒரு நோட்டு. அந்தப் பணம் உடம்பு நல்லா இருக்கிற காரியத்துக்கு மட்டும்தான் செலவாகும்."

"கட்டலைன்னா?"

"சோறு மட்டும்தான் கிடைக்கும். பேச்சு கிடைக்காது."

இருபத்தாறு வருஷக் குடித்தனம். அவள் ஒரு தடவை ஒன்பது நாள் பேசாமல் இருந்ததை நினைத்துப் பார்த்தார். உடனே மனசுக்குள் ஒரு வெளிச்சம்!

"நியாயமான வரி! நான் கட்டறேன். ஆனா பொதுப்பணம் பாரு, திறந்த டப்பாவுல கிடக்கக் கூடாது. பூட்டுப் போடணும். பூட்டு நான் தர்றேன். சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

"இவ்வளவு நல்ல மனசா உங்களுக்கு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே அவர் உஷாராகியிருக்கணும். ஆகவில்லை.

பெரிய பிஸ்கட் டப்பா ஒன்றுக்கு வளையம் அடித்து, அழகாகப் பித்தளைப் பூட்டு மாட்டினார். சாயங்காலம் நோட்டை மடித்து, மேலே இருந்த கீறல் வழியாக உள்ளே போட்டார். வீட்டம்மா சாவியை இடுப்பில் செருகினாள். மறுநாள் காலையில் அவள் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனாள். பூட்டுக்காரர் வளைந்த கம்பி ஒன்றை எடுத்தார். மூணு எண்ணுவதற்குள் பூட்டு வாயைத் திறந்தது. நோட்டு வெளியே வந்தது. அன்று சாயங்காலம் அதே நோட்டு வரியாக உள்ளே போனது. மறுநாள் மறுபடி வெளியே. செக்கு மாடுகூட அப்படிச் சுற்றியிருக்காது.

சும்மா கிடைக்கிற வரி என்றானதும் பூட்டுக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பத்து பன்னிரண்டானது. பன்னிரண்டு பதினைந்தானது. படியில் நர்ஸைப் பார்த்தால், "நாட்டுக்கும் கட்டறேன், வீட்டுக்கும் கட்டறேன். என்னை மாதிரி ரெண்டு வரி கட்டறவன் எவன் இருக்கான் சொல்லு?" என்பார்.

"உங்களுக்கு ஒரு சிலையே வைக்கலாம்ணே."

"எங்க வைப்பே?"

"ரெண்டாவது மாடித் திருப்பத்துல. எப்படியும் அங்கதான நிக்கறீங்க."

மாசக் கடைசி வியாழக்கிழமை. சாப்பாடு போடும்போது வீட்டம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "நாளைக்குச் சாயங்காலம் நர்ஸ் முன்னாடி டப்பாவைத் திறக்கப்போறேன். இந்நேரம் நல்லா நிறைஞ்சிருக்கும், இல்லீங்க?"

பூட்டுக்காரருக்குக் கையில் எடுத்த கவளம் கையிலேயே நின்றது. உள்ளே இருப்பது ஒரு நோட்டு. ஒன்றே ஒன்று.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்ததும் பெயர்ப்பலகைக்குப் பின்னால் கையை விட்டார். கூட்டாளிகளோடு ரெண்டு நாள் எங்கேயாவது போய் ஒரு பெட்டி பாட்டிலோடு ஆற்றங்கரையில் படுத்துக் கிடக்கலாம் என்று எட்டு மாசமாகச் சேர்த்த பணம் அங்கே இருந்தது. அதை எடுக்கும்போது, சொந்தக் கையே சொந்தப் பையில் திருடுகிற மாதிரி இருந்தது. மத்தியானம் அவள் கடைக்குப் போன நேரத்தில் ஓடி வந்து (ஓடி என்பது பேச்சுக்குத்தான், மூணு தடவை நின்றார்) அத்தனை நோட்டையும் டப்பாவில் அடைத்துப் பூட்டினார்.

சாயங்காலம் நர்ஸ் வந்தாள். வீட்டம்மா இடுப்புச் சாவியைப் போட்டுத் திறந்தாள். நோட்டுகள் பொங்கி வந்தன. பூட்டுக்காரர் மீசையைத் தடவினார்.

"பாத்துக்கோ! ஒரு நாள் பாக்கி கிடையாது."

வீட்டம்மா பூட்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். சொட்டு, சொட்டு என்று எண்ணெய் விழுந்தது.

"ஏன் நர்ஸம்மா, நான் இதுக்கு எண்ணெயே போடலையே?"

"பூட்டுக்கும் வேர்க்குமோ என்னவோக்கா."

பூட்டுக்காரரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஒரு மாசம், தினம் ரெண்டு சொட்டு.

"அதை விடுங்க, இதைப் பாருங்க" என்று வீட்டம்மா அடியில் கிடந்த ஒரு நோட்டை எடுத்துப் பிடித்தாள். அதன் வழியாக எதிரில் இருந்த நர்ஸின் மூக்கு தெரிந்தது. எண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் கண்ணாடியாகிவிட்டது. "நேத்து வரைக்கும் உள்ள இந்த நோட்டு ஒருத்தர்தான் குடியிருந்தார். தினமும் பாத்துட்டுத்தான் வர்றேன்."

"தினமும் பாத்தியா? எப்படி?"

"சாவி என்கிட்டதானே இருக்கு."

சாவியில்லாமல் திறப்பதையே முப்பது வருஷமாக யோசித்த மனுஷனுக்கு, சாவி வைத்திருக்கிறவளும் திறப்பாள் என்பது மட்டும் தோன்றவே இல்லை.

"அப்போ ரெண்டாம் நாளே பிடிச்சிருக்கலாமே!"

"பிடிச்சிருந்தா ஒரு நோட்டுதான் கிடைச்சிருக்கும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மேசைமேல் அதே டப்பா, அதில் புதுப் பூட்டு. சாவித் துவாரம் இல்லை. நாலு சின்னச் சக்கரம், ஒவ்வொன்றிலும் எண்கள்.

"நம்பர் பூட்டா? இது பூட்டே இல்லம்மா. பெட்டிக்கு மாட்டுற நகை."

"வரிப்பணத்துல வாங்கினேன். மிச்சத்தை உள்ள வச்சிருக்கேன். சாயங்காலம் ஆறு மணிக்குள்ள திறந்துட்டீங்கன்னா வரியையே எடுத்துடறேன். மாசாமாசம் ஆத்தங்கரை, கடற்கரைன்னு எங்க வேணாலும் போய்ப் படுங்க, கேக்க மாட்டேன். திறக்கலைன்னா நாளையிலேர்ந்து நர்ஸம்மா வகுப்பு. பேர் குடுத்தாச்சு."

"ஆறு மணி எதுக்கு? ஆறு நிமிஷம் போதும்!"

"வரிசையாத் திருப்பிப் பாருங்க, எதுலயாவது திறக்கும்."

"அதைக் குரங்குகூடச் செய்யும். நான் காதாலே திறக்கிறவன்."

காதைப் பூட்டோடு ஒட்டி, கண்ணை மூடி, முதல் சக்கரத்தை நூல் நூலாகத் திருப்பினார். உள்ளே ஏதோ 'டிக்' என்று சொல்லப்போன சமயத்தில் இருமல் வந்தது. சக்கரம் எங்கேயோ ஓடிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. ரெண்டாவது சக்கரம் வரை வந்தார். இருமல். மூணாவது வரை வந்தார். இருமல். அந்தப் பாழாய்ப்போன இருமல், பூட்டுக்குக் காவல் போட்ட மாதிரி, சரியாக அந்த நேரத்துக்கே வந்தது.

பூட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. சுடுதண்ணீர் வாங்கிக் குடித்தார். ஜன்னலைத் திறந்துவிட்டார். மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விட்டார். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. நேற்றைய பாட்டிலில் பாதி அலமாரியில் இருப்பதே ஞாபகமில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் இருமல் கொஞ்சம் அடங்கியது. ஆனால் கை சோர்ந்துவிட்டது.

கடிகாரம் ஆறு அடித்தது.

"தோத்துட்டேன்" என்றார். இந்தச் சொல்லை ஒரு பூட்டு முன்னால் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. "வகுப்புக்கு வர்றேன். நம்பரையாவது சொல்லித் தொலை. இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது."

"சொல்றேன். முதல்ல இன்னைக்கு வரியைக் கட்டுங்க. எத்தனை ஊதினீங்க?"

பையிலிருந்து பெட்டியை எடுத்தார். காலையில் வாங்கினது. மேல் காகிதம்கூடக் கிழியவில்லை. திருப்பிப் பார்த்தார். அந்தப் பக்கமும் கிழியவில்லை.

"ஒண்ணு... ஒண்ணுமில்லையே. பூஜ்யம்."

"அதையே நாலு தடவை வைங்க."

வைத்தார். பூட்டு பெருமூச்சுவிட்ட மாதிரி திறந்தது. குரங்கு முதல் திருப்பிலேயே திறந்திருக்கும்.

டப்பாவுக்குள்ளே எட்டிப் பார்த்தார். அவள் 'மிச்சம்' என்றது பணம் இல்லை. வகுப்புக்குப் பேர் கொடுத்த சீட்டு ஒன்று. அதன்மேல் இன்னொரு நம்பர் பூட்டு. சக்கரம் ஐந்து.

"அது அடுத்த ஞாயித்துக்கிழமைக்குங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "எண்ணெய்ப் புட்டியைப் பையிலேயே வைங்க, அந்தப் பூட்டு புதுசு."