நான் தலையில் சுமந்த சீனியர் பரீட்சை

பிள்ளை பெரிய படிப்பு படிக்கிறான் என்றால் அப்பன் வாயை மூடிக்கொண்டு தன் வேலைக்குப் போய்வர வேண்டும். அதைவிடப் பெரிய உதவி ஒன்றும் கிடையாது. இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏறுவதற்கு நான் பினாங்குக் கடலில் வேட்டியோடு குதிக்கவேண்டியிருந்தது.

அப்போது நான் துறைமுகத்தில் தண்டல். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தண்டல் என்றால் தெரியாது. பெரிய கப்பல்கள் கரைக்கு வர இடமில்லாமல் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருக்கும் சரக்கை ஏற்றிக்கொண்டு போய் அந்தக் கப்பலில் சேர்க்கும் பாரப் படகுக்குத் தொங்காங் என்று பெயர். அந்தப் படகுக்கு மேலாள்தான் தண்டல். ரப்பர், ஈயம், கொப்பரை, மிளகு, எதுவானாலும் என் படகில் ஏறித்தான் சீமைக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (என் படகைப் போல அங்கே எத்தனையோ படகுகள் கிடந்தன. அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.)

எனக்குத் தொண்டை பெரிது. மெதுவாகப் பேச அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. கடலில் காற்றோடு கத்திக் கத்திப் பழகியவன், வீட்டில் உப்புக் கேட்டால்கூட அடுத்த தெருக்காரன் உப்பை எடுத்துக்கொண்டு ஓடிவருவான்.

என் ஒரே மகன் தங்கவேலு இங்கிலீஷ் பள்ளியில் சீனியர் வகுப்பில், அதாவது கடைசி வகுப்பில் இருந்தான். காலம் மோசமான காலம். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு பயம் பிடித்துவிட்டது. என் மகன் மூட்டை தூக்கக்கூடாது. யாரும் அவனைப் பிடித்துக் கப்பலில் ஏற்றக்கூடாது. அதற்கு ஒரே வழி டாக்டர் ஆவதுதான் என்று முடிவு செய்தேன்.

ஏன் டாக்டர் என்றால், துறைமுகத்தில் ஒரு தமிழ் டாக்டரைப் பார்த்தேன். நோய் நொடி பார்க்கக் கப்பலுக்குள் வந்தார். ஆள் என் இடுப்பு உயரம்தான் இருப்பார். "நாக்கை நீட்டு" என்றார். கப்பல் துரையே நாக்கை நீட்டினான்! அன்றைக்கே தங்கவேலுவைச் சிங்கப்பூர் வைத்தியக் கல்லூரிக்கு அனுப்புவது என்று தீர்மானமாகிவிட்டது. அவனிடம் கேட்டாயா என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டில் எவனையும் கேட்டு எதுவும் நடந்தது கிடையாது.

அந்த வருடம் முழுவதும் நான் கொடுத்த ஒத்தாசையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. காலையில் வெறும் வயிற்றில் வல்லாரைச் சாறு. பையன் முகம் பச்சையாகும்வரை விடமாட்டேன். தெருவில் பிள்ளைகள் கோலி ஆடினால் விரட்டுவேன். "படிக்கிற பிள்ளைக்குத் தொந்தரவு பண்ணாதீங்கடா!" என்று நான் போட்ட சத்தத்தில்தான் அவன் படிப்பு கெட்டது என்று என் மனைவி அஞ்சலை இன்றும் சொல்கிறாள்.

பக்கத்து வீட்டுச் சீனர் ஒரு சேவல் வைத்திருந்தார். விடியுமுன் அது கூவும். தங்கவேலு திடுக்கிட்டு எழுந்துகொள்வான். நான் போய் அந்தச் சேவலை விலைக்கு வாங்கிக் குழம்பு வைக்கக் கொண்டுவந்தேன்.

"காலைப் பிடிடா" என்று தங்கவேலுவிடம் சொன்னேன். பிடித்தான். நான் கத்தியை வைத்தேன். ரத்தம் வந்ததும் பையன் சேவலோடு சேர்ந்து சாய்ந்துவிட்டான். சேவலாவது கொஞ்சம் துடித்தது. இவன் துடிக்கவும் இல்லை.

அஞ்சலை தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னாள்: "இவனயா டாக்டராக்கப் போறீங்க?"

"பசி மயக்கம் லா! வல்லாரைச் சாறக் கூடக் கொஞ்சம் குடு" என்றேன்.

டிசம்பரில் பரீட்சை வந்தது. நடந்த நாளெல்லாம் நான் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு எதிரே மரத்தடியில் நின்றேன். (எதற்கு என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.) கடைசி நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளைக்காரப் பெரிய வாத்தியார் விடைத்தாள்களைக் கட்டி, சிவப்பு அரக்கு உருக்கி முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்த தங்கவேலுவிடம், "அதெல்லாம் எங்கடா போவுது?" என்று கேட்டேன்.

"சீமைக்குப்பா. அங்கதான் திருத்துவாங்க. கப்பல்ல போவும்."

கப்பல்! என் படகு இல்லாமல் எந்தக் கப்பலுக்கு எது போகும்? அன்று முதல் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கிக்கு வரும் ஒவ்வொரு பெட்டியிலும் சிவப்பு அரக்கைத் தேட ஆரம்பித்தேன்.

பொங்கல் கழிந்த பிறகு அப்படி ஒரு பெட்டி வந்துவிட்டது. பெரிய வாத்தியார் லீவில் சீமைக்குப் போகிறார். அவருடைய டிரங்குப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்துப் பள்ளிக்கூடத்துப் பியூன் கொண்டுவந்தான். எல்லாவற்றுக்கும் மேலே தனியாக ஒரு மரப்பெட்டி. கயிற்று முடிச்சுகளில் சிவப்பு அரக்கு.

"தண்டல், இதப் பாத்து எறக்குங்க. தொர ரொம்பச் சொல்லி அனுப்பிச்சார்" என்றான் பியூன்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் படகில் பதினைந்து வருடம் வேலை செய்த மொய்தீனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தான்.

"அதேதான் அண்ணே. பெரிய வாத்தியாரே கையோட கொண்டு போறார் போல. கனத்தப் பாருங்க. புள்ளைங்க எவ்வளவு எழுதியிருக்குதுங்க!"

மற்ற சாமான்களோடு அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. கோணிச் சாக்கை மடித்து, படகின் முன்பக்கத்தில் தனியாக வைத்தேன். வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். அஞ்சலை தேங்காய், சந்தனம், கற்பூரம் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். தங்கவேலுவையும் இழுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன்.

"அப்பா, அது வந்து…" என்றான் அவன்.

"வாய மூடு. கும்பிடு."

"இல்லப்பா, அந்தப் பேப்பரெல்லாம்…"

"கும்பிடுடா!"

கும்பிட்டான். பெட்டிக்குச் சந்தனம் அப்பினேன். கற்பூரம் காட்டினேன். தேங்காயை உடைத்து அதன் தண்ணீரைப் பெட்டியின் நாலு மூலையிலும் தெளித்தேன். படகுத்துறை ஜெட்டியில் இருந்த கூலிகள், கணக்கெழுதும் கிராணிகள், தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தங்கவேலுவையும் படகில் ஏற்றிக்கொண்டேன். தன் பரீட்சையைத் தானே கப்பலேற்றிவிட்டு வரட்டும் என்று ஆசை. (தண்டல் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. ஜெட்டியைத் தாண்டும் முன்பே வல்லாரைச் சாறு வெளியே வந்துவிட்டது.)

கப்பலுக்குப் பக்கத்தில் போனோம். மேலிருந்து பாரந்தூக்கியின் வலை இறங்கியது. டிரங்குப் பெட்டிகளை வலையில் போட்டார்கள். மொய்தீன் இந்தப் பெட்டியின் மேலும் கை வைத்தான்.

"தொடாத! எம் புள்ள எழுத்து. வலையில போட்டு ஆட்டுவியா? நானே தலையில தூக்கிட்டுப் போறேன்."

"அண்ணே, கப்பல் ஏணி ஆடுது அண்ணே."

"நான் ஏறாத ஏணியா?"

ஏறாத ஏணி இல்லை. ஆனால் சந்தனமும் தேங்காய்த் தண்ணீரும் அப்பிய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் எந்த ஏணியிலும் ஏறியதில்லை. பாதி தூரம் போனேன். மேலே கப்பல் தட்டில் வெள்ளைக்காரர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். நடுவில் பெரிய வாத்தியார். அவரைப் பார்த்ததும் ஒரு சலாம் வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு கையை எடுத்தேன்.

பெட்டி சோப்புக்கட்டி மாதிரி வழுக்கியது. ஏணியில் ஒரு தட்டுத் தட்டி, கடலில் விழுந்தது. என் மகனின் வாழ்க்கையே தண்ணீரில் போகிறது. யோசிக்க நேரம் ஏது? நானும் குதித்தேன்.

பெட்டியைப் பிடித்துவிட்டேன். ஆனால் மோதிய மோதலில் பலகை பிளந்து கண்ணாடி ஜாடிகள் உடைந்திருந்தன. என்னைச் சுற்றிலும் துண்டு துண்டாக என்னவோ மிதந்தது. கை, முகமெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. காகிதம் ஒன்றுகூட இல்லை. நான் முங்கி முங்கித் தேடினேன். ஒரு துண்டு வாய்க்குள் போய்விட்டது. கடித்தேன். பாகில் ஊறிய ஜாதிக்காய்!

படகிலிருந்து மொய்தீன் அலறினான்: "அண்ணே! பரீட்சை பூராவும் ஜாதிக்காயா மாறிப் போச்சு அண்ணே!"

தங்கவேலு வாந்திக்கு நடுவில் தலையைத் தூக்கினான். "அதத்தான்பா சொல்ல வந்தேன்! பேப்பரெல்லாம் போன மாசமே தபால் மூட்டையில போயிருச்சு!"

மேலே கப்பலே சிரித்தது. சீமைக்காரச் சிரிப்பு, லஸ்கர் மாலுமிச் சிரிப்பு, சமையல்காரச் சீனன் சிரிப்பு எல்லாம் ஒன்றாகக் கேட்டது. பெரிய வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. என்னையும் தங்கவேலுவையும் மேலே வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. கல்லூரிக்கு யாரை அனுப்பலாம் என்று சொல்கிற மனிதர் அவர்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பையனுக்கு இடம். சொல்லாவிட்டால் பையன் என் படகில்தான் மூட்டை தூக்க வேண்டும். அவர் மனைவி தன் தாயாருக்குக் கொண்டுபோகவென்று தன் கையால் போட்ட ஜாதிக்காயைத்தான் நான் கடலுக்கு ஊட்டியிருந்தேன்.

தட்டில் ஏறி நின்றேன். தண்ணீர் சொட்டியது. மீசையில் ஒரு ஜாதிக்காய்த் துண்டு ஒட்டியிருந்ததாக மொய்தீன் பிற்பாடு சொன்னான். வாத்தியார் இங்கிலீஷில் என்னவோ கேட்டார். தங்கவேலு என்னவோ சொன்னான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் இரண்டே வார்த்தை. துறைமுகத்தில் அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

"யெஸ் சார்" என்றேன்.

வாத்தியாரின் வாய் ஓரத்தில் துடித்தது. பிறகு அவரும் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி மட்டும் கடைசிவரை சிரிக்கவில்லை. பிறகு வாத்தியார் தங்கவேலுவிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். அவ்வளவுதான், என் பையன் பேச ஆரம்பித்தான்! வீட்டில் வாய் திறக்காத பையன், ரத்தம் ஏறிய முகத்தோடு, கையை நீட்டிக் கரையைக் காட்டி, மலையைக் காட்டி, பொரிந்து தள்ளினான். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. டாக்டர் படிப்புக்குத்தான் இவ்வளவு மன்றாடுகிறான் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

வாத்தியார் என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார். "யெஸ் சார்" என்றேன். இன்னொன்று கேட்டார். அதற்கு இன்னும் பலமாக, அக்கரையில் இருக்கும் பிறைக்குக் கேட்கும்படி, "யெஸ் சார்!" என்றேன். அவர் என் பிசுபிசுத்த கையைப் பிடித்துக் குலுக்கினார். விடுவிக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார்.

ஊர் முழுவதும் சொல்லி வைத்தேன். பெரிய வாத்தியாரே கை கொடுத்தார், என் மகன் டாக்டர், இனி எல்லாரும் நாக்கை நீட்டத் தயாராக இருங்கள் என்றேன். தங்கவேலு அப்போதெல்லாம் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். பரீட்சை முடிவை நினைத்துப் பயப்படுகிறான் என்று நினைத்தேன்.

முடிவு வந்தது. நன்றாகவே தேறியிருந்தான். கூடவே கோலாலம்பூரிலிருந்து, நிலம் அளக்கும் தொழில் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் அவனுக்கு இடம் என்று செய்தியும் வந்தது.

"எவன்டா அங்க எடம் கேட்டது?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுச் சீனரின் புதுச் சேவல் கூவ ஆரம்பித்துவிட்டது.

தங்கவேலு தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் பின்வாங்கவில்லை. "பெரிய வாத்தியார்தான்பா எழுதிப் போட்டார். உங்க முன்னாலதான கேட்டேன். எனக்கு ரத்தத்தப் பாத்தா மயக்கம் வருது, டாக்டர் படிப்பு வேணாம், நெலம் அளக்குற படிப்பு வேணும்னு சொன்னேன். உங்களுக்குச் சம்மதமான்னு அவர் கேட்டார். நீங்க யெஸ் சார்னீங்க. நெசமாவான்னு திரும்பக் கேட்டார். அதுக்கும் யெஸ் சார்னீங்க. கத்திச் சொன்னீங்க."

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. என் ஆயுளில் அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான். அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அங்கே அவள் சிரித்த சிரிப்பில் பாத்திரம் உருண்டது.

மறுக்கலாம்தான். ஆனால் அத்தனை பேர் முன்னால், பெட்டியைக் கவிழ்த்ததற்கு ஒரு சுடுசொல்கூடச் சொல்லாத மனிதருக்கு, கை கொடுத்துச் சொன்ன சொல். புரியாமல் சொன்னேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? இரண்டு நாள் சாப்பிடாமல் பார்த்தேன். யாரும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் நானே போய்ப் பிறையில் பையனை ரயிலேற்றிவிட்டு வந்தேன். வண்டி நகர்ந்த பிறகும் அவன் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டே போனான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. கடலைப் பார்க்கிற மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் கரி விழுந்துவிட்டது.

தங்கவேலு பெரிய சர்வேயர் ஆனான். கெடாக் காட்டிலும் பகாங் காட்டிலும் அலைந்தான். முதல் நாளே காலில் அட்டை கடித்து, அந்த ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தானாம். எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி.

அதிலிருந்து என் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. என்னிடம் சம்மதம் வேண்டுமென்றால் இங்கிலீஷில் கேட்பார்கள். நான் "யெஸ் சார்" என்று சொல்லியாக வேண்டும். தமிழ் தவிர எதுவும் தெரியாத அஞ்சலைகூட, புதுச் சேலை வேண்டுமானால் வாயில் வந்ததையெல்லாம் இங்கிலீஷ் மாதிரி உளறிவிட்டு நிற்பாள். யெஸ் சார்தான். ஜெட்டிப் பக்கம் போனால் கிழவன் மொய்தீன் இன்றும் ஜாதிக்காயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாயில் போடுகிறான்.

போன வாரம் தங்கவேலுவின் மகள், அவளும் இப்போது கடைசி வருடப் படிப்பு, என் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இங்கிலீஷில் நீளமாக எதையோ ஒப்பித்தாள். பின்னால் தங்கவேலு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். வழக்கப்படி "யெஸ் சார்" என்றேன். பிறகு, "என்னாடி கேட்ட?" என்றேன்.

"டாக்டருக்குப் படிக்கப் போறேன் தாத்தா."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்.

"கழுத! இதத் தமிழ்லயே கேட்டிருக்கலாம்ல!"