புது ஓக்கின் துவர்ப்பு

கண்டி பஸ்ஸில் பக்கத்துப் பெண் மடியில் கருவாட்டுப் பொட்டலம். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்க, வீரய்யா மட்டும் குனிந்து குனிந்து முகர்ந்தார்.

"என்னங்க, பசியா?" என்றாள் அவள்.

"இல்லம்மா. வாசம் அடிக்குதான்னு பாத்தேன்."

அவள் பொட்டலத்தை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகியும் வீரய்யாவின் மூக்குக்கு வாசம் திரும்பவில்லை. ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தொழிற்சாலையில் அவருக்குச் சுவை பார்க்கும் உத்தியோகம். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு என்று நாலைந்துதான்; மற்றதெல்லாம் மூக்கின் வேலை. அதனால்தான் தேநீரைச் சத்தம் போட்டு உறிஞ்சுவார்கள். அது தூறலாகச் சிதறி, தொண்டைக்குப் பின்னால் மூக்குக்கு ஏறும். மூக்கு போனது முதலாளிக்குத் தெரிந்தால் உத்தியோகமும் போகும். இதுவரை இலையின் நிறத்தைப் பார்த்தே சமாளித்தார்.

முதலாளியோ பெருமையில், தன்னிடம் தேயிலை வாங்கும் கண்டி ஹோட்டலுக்கு வீரய்யாவின் நாக்கை இரவல் கொடுத்துவிட்டார்.

"வாங்க வாங்க," என்றார் மனேஜர் ஸெய்னுலாப்தீன். "நமக்கு இது ஹராம். வாயில வெச்சதே இல்ல. ரெண்டு சிங்கிள் மோல்ட் விஸ்கி வந்தீக்கி. எது எப்பிடின்னு நீங்கதான் சொல்லணும்."

பார் மேசையில் இரண்டு கிளாஸ்கள் ஊற்றித் தயாராக இருந்தன. பக்கத்தில் படம் பிடிக்கும் விளக்கு ஒன்று இன்னும் மடிக்கப்படாமல் நின்றது.

வீரய்யாவும் மதுவைத் தொட்டதில்லை; நாக்கு கெடும் என்ற பயம். ஆனால் ஹோட்டல் அனுப்பிய குறிப்பை பஸ்ஸில் மனப்பாடம் செய்திருந்தார். விஸ்கி பல வருஷம் பழைய பீப்பாயில் கிடக்கும். கடைசியில் சில மாதம், உட்புறம் கருக்கிய புது ஓக் மரப் பீப்பாய்க்கு மாற்றினால் நிறம் ஏறும், வனிலா வாசம் வரும், மரத்தின் துவர்ப்பு இறங்கும். வந்த இரண்டில் ஒன்று அப்படிப்பட்டது.

நிறம் கறுத்திருந்த கிளாஸை எடுத்து உறிஞ்சினார். எரியும் என்று கேள்விப்பட்டிருந்தார், எரியவில்லை. மூக்கோடு தொண்டையும் போய்விட்டதா? ஐஸ் வாளியில் துப்பினார்.

அப்போது நாக்கின் ஓரத்தில் மெல்லிய துவர்ப்பு. உயிர் வந்தது.

"இதுதான் புது ஓக்," என்றார். "வனிலா தூக்கலா இருக்கு."

மனேஜர் எழுதிக்கொண்டார். "வேற?"

நிறுத்தியிருக்கலாம். பயம் விடவில்லை. "தேங்காய். கருகின சீனி. பன்னெண்டு வருஷம் இருக்கும்."

"மெனு கார்டுல ஒங்கட பேரையே போடுவோம்."

"பேரெல்லாம் எதுக்குங்க?"

"மாசாமாசம் வாங்க. இரிங்க, ஒங்கட முதலாளிக்கே சொல்லுவோம்."

தடுப்பதற்குள் போன் ஸ்பீக்கரில் ஒலித்தது.

"நான் சொல்லலியா?" என்றார் முதலாளி. "ஆயிரம் கோப்பையில நம்ம தேயிலய மட்டும் கண்ண மூடிக்கிட்டு எடுத்து வைப்பாருங்க."

வீரய்யா நெற்றியைத் துடைத்தார். தப்பித்தாயிற்று.

கதவு திறந்தது. பார் பொறுப்பாளர் சந்திரிகா, சீல் உடைக்காத இரண்டு போத்தல்களோடு வந்து நின்றாள். மேசையைப் பார்த்தாள்.

"மெனு கார்டு படத்துக்கு விஸ்கிக்குப் பதிலா ஊத்தி வச்ச பிளேன்டீய யாரு சார் குடிச்சது?"