குவாட்டர் சாரும் செம்புக் கோடும்

ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் 'குவாட்டர்' என்று பெயர் வாங்கியவர் இந்தக் கோயமுத்தூரிலேயே ஒருவர்தான். எங்கள் ஆபீஸ் குவாட்டர் சார்.

பம்புசெட் கம்பெனியில் எனக்குப் பக்கத்து மேஜை. யாருடைய மகனோ மருமகனோ அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருப்பதாகக் காதில் விழுந்தால் போதும், வாசலில் போய் நிற்பார். "ஏனுங்க, குவாட்டர் இருக்குதுங்களா?" அவர் கேட்டது கால் டாலர் காசை. ஒருமுறை இதைச் சர்ச் வாசலில், பூசை முடிந்து வந்த ஒரு குடும்பத்திடம் கேட்டுவிட்டார். பாதிரியார் தனியே அழைத்துப்போய்க் குடியின் கேடுகளை மூச்சுவிடாமல் விளக்கினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சாமி, உங்ககிட்ட இருக்குதுங்களா?" என்றாராம்.

காசு கைக்கு வந்ததும் வருஷத்தைப் பார்ப்பார். 1964 வரை அடித்த கால் டாலரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. காசில் பொறித்த மதிப்பைவிட அந்த வெள்ளிக்கு விலை பல மடங்கு. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நடுவில் செம்பு, மேலே நிக்கல் கலந்த தகடு. விளிம்பில் செம்புக் கோடு தெரியும். அடுத்து மேஜையில் போட்டுக் காதைச் சாய்ப்பார். வெள்ளி என்றால் கணீரென்று இழுக்கும். மற்றது சட்டென்று அடங்கிவிடும்.

"செம்புங்க. நீங்களே வெச்சுக்கங்க."

எங்கள் முதலாளி ஆசையாகக் கொண்டுவந்த காசுக்கும் இதே மரியாதைதான். அந்த வருஷம் குவாட்டர் சாருக்குச் சம்பள உயர்வு கிடையாது.

கிறுக்கு என்று சிரித்தோம். காரணம் பிறகுதான் தெரிந்தது.

தொண்டாமுத்தூரில் அவருக்கும் அவர் அண்ணனுக்கும் பொதுவாக ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அண்ணன் அமெரிக்காவாசி. ஒரு லீவில் வந்தவர், தம்பி முன்னால் ஒரு பெட்டி நிறையக் கால் டாலர் காசுகளை வைத்தார்.

"அத்தனையும் பழைய வெள்ளிக்காசு தம்பி. உன்ற பங்குக்கு மேலயே பெறும். தோப்பை எனக்கு எழுதிக் குடுத்துரு."

அண்ணன் சொல்லுக்கு மறுசொல் உண்டா? கையெழுத்துப் போட்டார். அண்ணன் விமானம் ஏறிய பிறகு, ராஜவீதியில் ஒரு வெள்ளிக்கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் காசின் விளிம்பைக் காட்டினார். அசல் வெள்ளிக்காசு ஒன்றையும் கண்ணாடி மேல் போட்டுக் கேட்கச் சொன்னார். "உங்களுது பூராவும் செம்புங்க."

ஃபோன் போட்டதற்கு, "அமெரிக்கக் காசுன்னா அமெரிக்கக் காசுதானே தம்பி?" என்று அண்ணன் வைத்துவிட்டார். தோப்பு வில்லாக்களானது. கண்ணில் படும் அமெரிக்கக் காசையெல்லாம் தட்டிப் பார்க்கும் பழக்கம் தம்பியைப் பிடித்துக்கொண்டது.

போன வருஷம் அண்ணன் மகளுக்குக் காங்கேயத்தில் கல்யாணம். என்னையும் கூட்டிப் போனார். மடியில் அந்தப் பெட்டி. நேராக மொய் மேஜையில் கொண்டுபோய் வைத்தார். மொய் வாசிப்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணோட சித்தப்பா, அமெரிக்க வெள்ளிக்காசு ஒரு பெட்டி!" என்று முழங்கினார். குவாட்டர் சார் மைக்கைப் பிடுங்கினார்.

"வெள்ளியில்லீங்க, செம்பு! இதைக் குடுத்துத்தான் எங்கண்ணன் என்ற தோப்பை எழுதி வாங்குனாருங்க!"

அண்ணன் அவசரமே படாமல் வந்து தம்பியின் தோளில் கைபோட்டார். "எந்தம்பி சின்னதுலயிருந்தே இப்படித்தானுங்க. ஒரே தமாசு!"

மண்டபமே சிரித்தது. இத்தனை வருஷமாகத் தம்பியைப் பார்த்துச் சிரித்துப் பழகிய சனம். சாம்பார் வாளியோடு நின்றவர்கூடச் சிரித்தார்.

குவாட்டர் சார் பந்தியில் உட்காரவில்லை. திரும்பும் பஸ் பல்லடம் தாண்டியது.

"தோப்பு போனதுகூடப் பரவால்லைங்க. நெசத்தைச் சொல்றப்ப சிரிச்சுப்போட்டாங்க பாத்தீங்களா?" என்றார். பிறகு, "எங்கண்ணன் புள்ளை மட்டும் சிரிக்கலீங்க. அது முகம் வாடிப்போச்சு. அது என்ன பண்ணும், பாவம்."

அதன் பிறகு அவர் யாரிடமும் காசு கேட்கவில்லை. ரிடையராகித் தொண்டாமுத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறார். பால் வாங்கப் போகிற வழியில் அண்ணன் பெயர் எழுதிய வில்லா வாசல் வளைவு இருக்கிறது. அங்கே மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்க்கப் போகிறேன். பேசப் பெரிதாக ஒன்றும் இருக்காது. நான் எழுந்தால், "இன்னுங் கொஞ்ச நேரம் இருங்களே" என்பார்.

இருப்பேன்.