கோழிக்கொட்டகையில் நிலைக்கண்ணாடி

இந்தக் கதையில் ஒரு இடத்தில் நீங்கள் வயிறு வலிக்கச் சிரிக்கப் போகிறீர்கள். ஆனால் இப்போதே இல்லை. முதலில் கூரை மாற்ற வேண்டும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும், ஒயர் இழுக்க வேண்டும். அந்த வேலையெல்லாம் முடியாமல் சிரிப்பு கிடையாது. ஒரு மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு உழைக்கும்போது எதிரே நின்று நாம் பல்லைக் காட்டினால் நன்றாகவா இருக்கும்?

அவருக்குத் தெரு வைத்த பெயர் நாளைக்கண்ணன். தொழில் எலக்ட்ரீஷியன். யார் வீட்டு விளக்கு அணைந்தாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவார். சொந்த வீட்டில் மட்டும் குளியலறை ஸ்விட்சைத் துடைப்பக்குச்சியால் தட்டித்தான் போட வேண்டும். மனைவி எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "நாளைக்குப் பார்க்கலாம்." அந்த நாளை இன்றுவரை எந்தக் காலண்டரிலும் அச்சாகவில்லை.

மனைவி தையல்காரி. வாசல் நடையில், செருப்பு ஸ்டாண்டுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே மிஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் அவள் எழுந்து வழிவிட்டாக வேண்டும். கொல்லையில் ஒரு கொட்டகை ஒழுகிக்கொண்டு சும்மா கிடந்தது.

"ஏங்க, அந்தக் கொட்டகையைச் சரி பண்ணிக் கொடுங்களேன். மிஷினை அங்க போட்டுக்கறேன்."

"நாளைக்கு."

கல்யாணமான புதிதில் கேட்டது. இப்போது மகள் காலேஜுக்குப் போகிறாள்.

இப்படி இருந்தவருக்குத்தான் திடீரென்று வீராப்பு வந்தது. காரணம் மச்சான். மனைவியின் அண்ணன். பக்கத்து ஊரில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். பேசினால் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். போன மாதம் அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது நாளைக்கண்ணனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கோழி வளர்க்கறதெல்லாம் ஒரு வேலையா மச்சான்? இந்தப் பக்கம் தீனியப் போட்டா அந்தப் பக்கம் முட்டை."

மச்சான் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கொடியில் காய்ந்த துணி ஆடியது. "நீங்க கோழி வளர்த்தா, மாப்ள, அது கொக்கொக்கொன்னு கத்தாது. நாளைக்கு நாளைக்குன்னு கத்தும்."

பந்தியே சிரித்தது. சொந்த மகளே சிரித்தாள். நாளைக்கண்ணன் எழுந்து நின்றார். "அடுத்த தடவை நீங்க எங்க வீட்டுக்கு வரும்போது, என் கோழி போட்ட முட்டையில உங்களுக்கு ஆம்லெட். இல்லேன்னா என் பேரை மாத்திக்கறேன்."

"எந்தப் பேரை?" என்றார் மச்சான்.

மறுநாளே சந்தையில் ஆறு கோழி வாங்கிக் கொட்டகையில் விட்டார். தீனியைக் கொட்டினார். எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கோழிகள் அவரைப் பார்த்தன. அவர் கோழிகளைப் பார்த்தார். நாட்கள் போனதுதான் மிச்சம். முட்டை என்ற பேச்சே இல்லை. அதற்குள் மச்சானிடமிருந்து போன் வந்துவிட்டது: மாதக் கடைசியில் வருகிறாராம், பசியோடு.

"உங்க அண்ணன்கிட்டயே கேட்டா என்ன?" என்றார் நாளைக்கண்ணன், ரொம்பத் தாழ்ந்த குரலில். "ஆனா எனக்குன்னு தெரியக் கூடாது."

"பக்கத்து வீட்டுக்குன்னு சொல்லிக் கேக்கறேன்," என்று மனைவி போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். இறங்கி வந்து, இடுப்பில் கை வைத்து, வயிற்றை முன்னால் தள்ளி, அப்படியே அண்ணன் குரலில் ஜல்லி கொட்டினாள்.

"'தீனி கிடக்கட்டும் தங்கச்சி. தரை எப்படி? ஈரத்துல நிக்கற கோழிக்கு முதல்ல சளி பிடிக்கும், அப்புறம் கழிச்சல். அது எங்க முட்டை போடும்? மேல ஒழுகக் கூடாது, கீழ ஊறக் கூடாது. முதல்ல கொட்டகையைக் காயவைக்கச் சொல்லு உன் பக்கத்து வீட்டானை.'"

நாளைக்கண்ணன் அன்று வேலைக்குப் போகவில்லை. புதுத் தகரம் வந்தது. பழைய கூரை இறங்கியது. தரைக்குச் சிமெண்ட் பூசினார். அது இறுகும்வரை ஆறு கோழியும் வீட்டுக்குள் சோபாவில் இருந்தன. பிறகு மேலே மரத்தூள் பரப்பி, கோழிகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்.

மறுநாள் காலை, மூலையில் முட்டைக்கென்று வைத்திருந்த கூடையில் ஒரு முட்டை.

அவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். "பார்த்தியா. கூரை மாத்தின கையோட போட்டுடுச்சு."

"அட, ஆமாங்க," என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி. "எவ்வளவு சுத்தமா இருக்கு, கழுவி வச்ச மாதிரி."

"ஜில்லுனு வேற இருக்கு."

"விடியறதுக்கு முன்னாடியே போட்டிருக்கும்."

"சுறுசுறுப்பான கோழி," என்றார் அவர் பெருமையாக. தான் எட்டு மணிக்கு எழுந்ததை மறந்துவிட்டார்.

அதோடு நின்றது. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. மறுபடி மாடி, மறுபடி போன், மறுபடி இடுப்பில் கை.

"'வெளிச்சம் தங்கச்சி, வெளிச்சம். கோழி வயித்தால முட்டை போடறதில்ல, கண்ணால போடுது. பகல் குறைஞ்சா முட்டையும் குறையும். கிழக்கால ஒரு ஜன்னல், உள்ள ஒரு நல்ல விளக்கு. அப்புறம் சுவர் சந்துல செல்லுப்பூச்சி இருக்கும், ராத்திரியெல்லாம் ரத்தத்தை உறிஞ்சும். அதையெல்லாம் அடைச்சுச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லு.'"

ஜன்னல் வந்தது. விளக்கு வந்தது. சுவர் வெள்ளைவெளேர் என்று ஆனது. ஒரு முட்டையும் வந்தது.

இதற்கு நடுவே தீனி விஷயத்திலும் மனிதர் கரை கண்டுவிட்டார். புதுத் தீனியைத் திடுதிப்பென்று மாற்றாமல் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தார். முட்டை ஓடு கெட்டியாக வர, கிளிஞ்சலை இடித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தார். கீரைத்தண்டைக் கட்டித் தொங்கவிட்டார். தண்ணீரை வேளைக்கு வேளை மாற்றினார். அழுக்குத் தண்ணீர் குடிக்கிற கோழி அரைக்கோழி என்று வாடிக்கையாளர் வீடுகளில் ஏணிமேல் நின்று பிரசங்கம் செய்தார். பூச்சி உதிர, புரண்டு குளிக்கச் சாம்பல் தொட்டி வைத்தார். இத்தனையும் சரியான வேலைதான். கோழிகள் பளபளவென்று ஆயின. முட்டை மட்டும், அவர் சுத்தியலை எடுத்த மறுநாள்தான் வந்தது.

"ஜன்னல் பக்கத்துல ஒரு பிளக் பாயிண்ட் வேணுமாம்," என்றாள் மனைவி ஒருநாள்.

"கோழிக்கு எதுக்கு பிளக் பாயிண்ட்?"

"குஞ்சு பொரிச்சா சூடு பல்பு போட வேண்டாமா? அப்பவும் நாளைக்குன்னு சொல்லப் போறீங்களா?"

பிளக் பாயிண்ட் வந்தது. மறுநாள் முட்டை.

"சுவர்ல அகலமா நாலு பலகை."

"அது எதுக்கு?"

"கோழி உயரத்துலதானே அடையும். ராத்திரி தரையில படுத்தா பயத்துலயே பாதி முட்டை வத்திடும்."

பலகை வந்தது. கோழிகள் நிஜமாகவே ஏறி உட்கார்ந்தன. நாளைக்கண்ணனுக்குப் புல்லரித்தது. மறுநாள் இரண்டு முட்டை.

கடைசியாக ஒரு யோசனை வந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் மனைவி ஒரு தடவை இருமிக்கொண்டாள்.

"ஒரு நிலைக்கண்ணாடி மாட்டணுமாம்."

"நிலைக்கண்ணாடியா?"

"கோழி தனியாத் தின்னா கொறிக்கும். பக்கத்துல இன்னொண்ணு தின்னா போட்டி போட்டுத் தின்னும். கண்ணாடி வச்சா ஆறு கோழி பன்னெண்டு கோழி ஆயிடும்."

"அதுக்கு ஆள் உயரத்துல எதுக்கு?"

"கோழி குதிக்குமில்ல?"

அவர் யோசித்தார். கோழி குதிக்கும். மறுக்க முடியாத உண்மை. தோளில் கண்ணாடியைச் சுமந்து அவர் தெருவில் வந்தபோது எதிர்வீட்டு டீச்சர், "யாருக்குண்ணே?" என்று கேட்டாள். "கோழிக்கு," என்றார், நிமிர்ந்த தலை குனியாமல். அவர் முகத்தில் இருந்த உறுதியைப் பார்த்து டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாதக் கடைசி வந்தது. மச்சான் சின்ன லாரியோடு வந்து இறங்கினார். ஆம்லெட் தயாராக இருந்தது. மச்சான் ஒன்றைச் சாப்பிட்டார், இன்னொன்றையும் சாப்பிட்டார்.

"ருசியா இருக்கு, மாப்ள. உங்க கோழியேவா?"

"என் கோழியே," என்றார் நாளைக்கண்ணன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை பாடு. "வாங்க, நேர்லயே காட்டறேன். நீங்க சொன்ன ஒண்ணையும் விடல." பெருமையில் பக்கத்து வீட்டுக்காரனை மறந்தே போனார்.

"நான் என்ன சொன்னேன்?"

அதற்குள் கொட்டகைக்கு வந்துவிட்டார்கள். மச்சான் கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பலகைகளைப் பார்த்தார். கண்ணாடியில் தன்னைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு ஒரு கோழியைத் தூக்கித் தலையைத் திருப்பினார்.

"நல்லா வளர்த்திருக்கீங்க, மாப்ள. நிஜமாவே சொல்றேன். ஆனா கொண்டையைப் பாருங்க, இன்னும் வெளிறிக் கிடக்கு. சிவந்து தடிச்சாத்தான் பருவம். இதுங்க சின்னப் பிள்ளைங்க. முட்டை போட இன்னும் ரெண்டு மாசமாவது ஆகும்."

"என்ன மச்சான் இப்படிச் சொல்றீங்க. நீங்க இப்ப சாப்பிட்டது? இதோ, இன்னைக்குப் போட்டது," என்று நாளைக்கண்ணன் கூடையிலிருந்த முட்டையை எடுத்து நீட்டினார்.

மச்சான் அதை உள்ளங்கையில் உருட்டினார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"ஓ, பொய் முட்டையா? கெட்டிக்காரத்தனம். பண்ணைக்காரங்க எல்லாரும் செய்யறதுதான். எந்த இடத்துல வேலை நடக்கணுமோ, அங்க ஒரு முட்டையை வச்சுடணும். அதைப் பார்த்ததும் தன்னாலதான் நடக்குதுன்னு நம்பி, வேற எங்கயும் திரியாம அங்கயே கிடந்து வேலையைப் பார்க்கும். நீங்க ஒண்ணை எடுத்தா இன்னொண்ணை வச்சுக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்."

"சந்தேகப்படாதா?" என்றார் நாளைக்கண்ணன். குரல் எங்கேயோ போயிருந்தது.

"மூளை இருந்தா படும்."

வாசலில் நிழல் விழுந்தது. கழுத்தில் டேப்போடு மனைவி நின்றாள். "அண்ணே, நான் கேட்ட கோழிக்கூண்டு வண்டியில இருக்கில்ல? அதை மரத்தடியில இறக்கிடு. அப்புறம் மிஷினுக்கு ஒரு கை பிடி. இந்த ஜன்னல் பக்கத்துல, பிளக் பாயிண்ட் கிட்ட."

"சரிம்மா," என்று மச்சான் சட்டைக்கையை மடித்துவிட்டார். "ஆமா, மாப்ள, பொய் முட்டை வைக்கற வித்தை உங்களுக்கு யாரு சொன்னது? கோழிக்கு நீங்களா வச்சீங்க?"

நாளைக்கண்ணன் கூரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கடைசியாகக் கண்ணாடியைப் பார்த்தார். அதில், ஆறு கோழிக்கு நடுவே, கையில் முட்டையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"கோழிக்கு வைக்கல மச்சான்," என்றார். "எனக்கு வச்சது."