வெள்ளிக்கிழமைக் குழம்புக்கு ஆர் உப்புப் பார்ப்பது

மன்னார்.
வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு.

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய சந்தியோகு மாமா அவர்களுக்கு,

மருமகன் எமில் எழுதிக்கொள்வது. நான் சுகம். சுகமில்லை என்று சொல்ல நேரம் கிடைக்காததால் சுகம். நீங்களும் மாமியும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நான் மறந்த நாட்களில் அம்மா என் பங்கையும் சேர்த்து மன்றாடுகிறா. உத்தியோக விசயத்தைப் போனில் கதைக்கக் கூடாது என்று கிறிஸ்மஸ் விருந்தில் நீங்கள் சொன்னீர்கள். ஆகவே கடிதம்.

விசயம் இதுதான். அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் செய்முறை அறையைப் பார்வையிட வலயக் கல்விக் கந்தோரிலிருந்து நீங்கள் வருவதாக அறிவித்தல் வந்திருக்கிறது. அறையைத் தொடர்ந்து நடத்துவதா, பூட்டிவிட்டுப் பிள்ளைகளை டவுண் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதா என்று நீங்கள் பார்த்துத்தான் முடிவாம்.

வரவேண்டாம், மாமா. பூட்டலாம் என்று அங்கிருந்தே எழுதிவிடுங்கள்.

காரணம் சொல்கிறேன். நான் சித்திர பாடத்துக்கு நியமனம் பெற்று வந்தவன். பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் வெற்றுவெளியைப் பற்றிப் படித்தேன். ஓர் ஓவியத்தில் எதை வரையாமல் விடுவது என்பது பற்றி நீண்ட ஆய்வுக் கட்டுரையும் எழுதினேன். இங்கே வந்து முதல் தவணை முடிவதற்குள் மனையியல் ரீச்சர் பிரசவ லீவில் போய், அங்கிருந்தே இடமாற்றமும் எடுத்துக்கொண்டா. கம்பியூட்டர் சேர் கட்டாருக்குப் போய்விட்டார். வடிவமைப்புப் பாடத்துக்கு ஆள் ஆரம்பத்திலிருந்தே இல்லை. நேரசூசியில் ஒரு கட்டம் மட்டும் இருந்தது. அதிபர் மதலேனா மெடம் என்னைக் கூப்பிட்டுக் கதிரையைக் காட்டினா. இருந்தேன். "தம்பி, சித்திரம், சமையல், கம்பியூட்டர், டிசைன், எல்லாம் கையால செய்யிற பாடம்தானே. உங்களுக்கு ரெண்டு கை இருக்கு" என்றா. எழும்பும்போது நான் நாலு பாட ஆசிரியர். வெற்றுவெளி அத்துடன் முடிந்தது.

அதுகூடப் பரவாயில்லை. பிறகுதான் ஒன்று விளங்கியது. பள்ளிக்கூடத்துக்கு யாராவது பெரியவர் வந்தால் கணித வகுப்புப் படிக்கும், விஞ்ஞான வகுப்புப் படிக்கும், எங்கள் வகுப்பு மட்டும் வேலை செய்யும். வரவேற்புப் பலகை எழுத சித்திரப் பிள்ளைகள். அழைப்பிதழ் அடிக்கக் கம்பியூட்டர் பிள்ளைகள். மேசை சோடிக்க டிசைன் பிள்ளைகள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மனையியல் பிள்ளைகள். வந்தவர் வயிறு நிறைந்து, செய்முறைப் பாடங்கள் எப்படி நடக்கின்றன என்று கேட்பார். அவர் வருவதால் நடக்கவில்லை என்று யார் சொல்வது?

இந்த வருடம் மட்டும் மூன்று வருகை. முதலாவதுக்கு, பிள்ளைகள் பெரிய மட்டையில் வரவேற்பு எழுதி, சுற்றிவரக் கடற்சிப்பி வரைந்து, காய வேண்டுமென்று வாசலில் சாத்தி வைத்தார்கள். கழுதை வந்து தின்றுவிட்டது. முழுவதும் இல்லை. வந்தவரின் பதவியைத் தின்றுவிட்டுப் பெயரை விட்டுவைத்தது. அவர் அதை வாசித்தபடி நின்றார், நாங்கள் கைதட்டினோம். இரண்டாவது வருகையில் கம்பியூட்டர் பிள்ளைகள் படங்காட்டி விளக்க ஆயத்தம் செய்திருந்தார்கள். எங்கள் அறைக்கு ஒரே ஒரு மின்சார லைன். அடுத்த பக்கத்தில் வந்தவர்களுக்குச் சோறு வேகவேண்டும் என்று குக்கரைப் போட்டார்கள். கம்பியூட்டர் எல்லாம் ஒன்றாகக் கண்ணை மூடின. குக்கரை நிற்பாட்டினால் படம் வரும், சோறு வராது. மெடம் ஒரு கணம் யோசித்தா. "சோறு" என்றா.

மூன்றாவது வருகையால்தான் இப்போது உங்களுக்கு அலைச்சல். அது ஒரு வெள்ளிக்கிழமை. தவக்காலம் தொடங்கியிருந்தது, ரமழான் நோன்பும் தொடங்கியிருந்தது. வந்த அலுவலர் மீன் பிரியர் என்று மெடத்துக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல பாரைமீன் வாங்கி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் குழம்பு வைத்தார்கள். கொதித்தது. மணத்தது. உப்புப் பார்க்க வேண்டிய நேரம் வந்தது. கரண்டி கை மாறத் தொடங்கியது.

ஜெனிஸ்ரா கையெடுத்து நெற்றியில் சிலுவை போட்டாள். "சேர், எங்கட வீட்டில தவக்காலம் நாப்பது நாளும் மீன், இறைச்சி, ஒரு மச்சமும் இல்லை. நான் மணந்து மட்டும் பார்க்கிறன்."

"மணந்து உப்புத் தெரியுமோடி?" என்றாள் இர்ஷானா. "நான் நோன்பு, சேர். நாக்கு நுனியில வச்சிட்டுத் துப்பலாம் எண்டு உம்மா சொன்னவ. ஆனா துப்புறதுக்கு முதல் விழுங்கிட்டா? அவர் சாப்பிடுறதுக்கு நான் ஏன் நோன்பை விட?"

கரண்டி தர்ஷிகாவிடம் போனது. அவள் அதைத் தூரப் பிடித்தாள். "எனக்கு வெள்ளிக்கிழமை விரதம். கேதீஸ்வரம் கோயிலுக்கு நேர்ந்தது. கரண்டியைத் தொட்டதே கூடிப்போச்சு."

ஜெனோஜன் கம்பியூட்டர் பக்கமிருந்து கத்தினான். "எனக்குத் தராதேங்கோ. மீன் பட்டா முகம் வீங்கும்."

"இப்ப மட்டும் வீங்காமலோ இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமா, எனக்கு அம்மா ஒரு நேர்த்தி வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். நான் வீட்டுக்குக் கிட்ட இடமாற்றம் கிடைத்து வரவேண்டும் என்று மடு மாதாவிடம் நேர்ந்து, இந்தத் தவக்காலம் முழுக்க நான் மச்சம் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறா. என் வாயை வைத்து அவ கொடுத்த வாக்கு. எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மாவின் நம்பிக்கையில் கை வைக்குமளவுக்கு அவநம்பிக்கையும் இல்லை. ஏலாது என்று தலையாட்டினேன்.

"ருசி என்னத்துக்கு, சேர்?" என்றான் ஜெனோஜன். "ஒரு கிலோ மீனுக்கு எவ்வளவு உப்பு எண்டு போட்டா எக்செல் சொல்லும்." நான் மகிழ்ந்து போனேன். இரண்டு பாடம் ஒன்றையொன்று தொடுகிறது என்று நினைத்தபடி, அலுவலர் வந்துவிட்டாரா என்று பார்க்க வாசலுக்குப் போனேன். அவன் கணக்குப் போட்டுச் சத்தமாகச் சொன்னான், இர்ஷானா உப்புப் போட்டாள். அந்த நேரம் யாரோ குக்கரைப் போட, கம்பியூட்டர் நின்றுவிட்டது. கணக்கை அவன் சேமிக்கவில்லை. கரண்ட் வந்ததும் திரும்பப் போட்டு, திரும்பச் சொன்னான். தர்ஷிகா அது புதுக் கணக்கு என்று நினைத்து அதையும் போட்டாள். இதொன்றும் தெரியாமல் உள்ளே வந்த நான், யாரும் ருசி பார்க்காத குழம்பு நிச்சயம் சப்பென்றுதான் இருக்கும் என்ற பொதுவான மனக்கலக்கத்தில் ஒரு பிடி போட்டேன்.

அலுவலர் ஒரு வாய் சாப்பிட்டார். நிறுத்தினார். யன்னலால் வெளியே பார்த்தார். "இஞ்சயிருந்து கடல் கிட்டவோ?" என்று கேட்டார்.

"ஓம் சேர், நடந்து போகலாம்" என்றா மெடம், இன்னும் சாப்பிடத் தொடங்காதவ.

"அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லித் தண்ணீர் கேட்டார். பிறகும் கேட்டார். மிச்சக் குழம்பை நாய்க்கு வைத்தோம். நாய் முகர்ந்துவிட்டுப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது. அலுவலர் திரும்பிப் போய், இந்த அறையால் பயனில்லை, பூட்டுவது பற்றி யோசிக்கலாம் என்று எழுதிவிட்டார். அவரில் பிழை சொல்லமாட்டேன். தாகத்தோடு எழுதியிருப்பார்.

இப்போது நீங்கள் வருகிறீர்கள். அதுவும் வெள்ளிக்கிழமை. அதுவும் மீன். தவக்காலத்தில் இறைச்சியை விட்டால் போதும், மீன் கணக்கில் வராது என்று நீங்கள் மாமியோடு வாதாடுவது ஊருக்கே தெரியும், மெடத்துக்கும் தெரிந்துவிட்டது. பாடம் மறுபடி நின்றுவிட்டது. பலகை எழுதுகிறோம். கழுதைக்குக் காவல் போட்டிருக்கிறோம். சித்திர வகுப்பில் நிழல் வரைவது எப்படி என்று போன மாதம் தொடங்கினேன், இன்னும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைக்கூடச் சொல்லி முடிக்கவில்லை.

ஆகவே பூட்டிவிடுங்கள். பூட்டினால் ஜெனோஜன் பஸ் ஏறி டவுணுக்குப் போவான். தர்ஷிகாவும் ஜெனிஸ்ராவும் எப்படியாவது போவார்கள். இர்ஷானா போகமாட்டாள். அவளுடைய வாப்பா முனவ்வர் வந்து சொல்லிவிட்டுப் போனார். "இஞ்ச எண்டாப் படிக்கட்டும், சேர். டவுணுக்கு நான் அனுப்ப மாட்டன்." செய்முறைப் பாடத்தை விட்டுவிட்டு, இங்கே ஆசிரியர் இருக்கிற ஏதாவது ஒரு பாடத்தை எடுப்பாள். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். களைப்பு அப்படிப்பட்டது. பூட்டினால் நான் தேவைக்கு மேலதிகமான ஆசிரியராகி, இடமாற்றம் தானாக வரும். அம்மாவின் நேர்த்தி பலித்துவிடும். மடுவுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவா. எல்லோருக்கும் நல்லது. ஒரே ஒரு பிள்ளையைத் தவிர. இப்படி ஒரு வசனத்தை எழுதிவிட்டு என்னால் அதை அழிக்காமலும் இருக்க முடிகிறது, பாருங்கள்.

மாமியின் முழங்கால் நோவு குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மாதாவின் ஆசீர் உங்கள் வீட்டுக் கூரையின் கீழும், கந்தோரில் உங்கள் மின்விசிறியின் கீழும் குறைவில்லாமல் இருப்பதாக.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகன்,
எமில்.

பிற்குறிப்பு: மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

கடித உறையை ஒட்டப் பசை தேடிச் செய்முறை அறைக்குப் போனேன். பூட்டியிருக்கும் என்று நினைத்தேன். மீன் குழம்பு மணத்தது. நாலு பேரும் உள்ளே. இர்ஷானாவின் வாப்பா மீன் கொடுத்து விட்டிருக்கிறார். என்னிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

"இண்டைக்கு என்னத்துக்கு?" என்றேன்.

"வெள்ளிக்கிழமைக்கு ஒத்திகை, வெள்ளிக்கிழமைதானே வைக்கவேணும்" என்றாள் இர்ஷானா. "வேற நாள் எண்டா தர்ஷிகா உப்புப் பார்ப்பாள். அப்ப அது ஒத்திகை இல்லை."

சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டியிருந்தது. தவணை முழுவதற்குமான நாட்காட்டி. கம்பியூட்டரில் கட்டம் போட்டு, அச்சு இயந்திரத்தில் மை இல்லாததால் பார்த்துப் பார்த்துக் கையால் வரைந்திருக்கிறார்கள். எந்த நாளில் யார் ருசி பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று. தவக்காலம் ஊதா. நோன்பு பச்சை. விரதம் மஞ்சள். ஜெனோஜனுக்குத் தவணை முழுக்கச் சிவப்பு, அதில் வீங்கின ஒரு முகமும். அவனே வரைந்ததாம். மூன்று நாலு நிறம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒன்றையொன்று கொல்லவில்லை. வெள்ளை எங்கே விடவேண்டுமோ அங்கே விட்டிருந்தார்கள். பக்கத்துச் சுவரில் உப்புக் கணக்கின் விடை, சோக்கால், பெரிதாக. "கரண்ட் போனாலும் சுவர் நிக்கும், சேர்" என்றான் ஜெனோஜன். போட்ட ஆளின் பெயரும் பக்கத்தில் எழுதியிருந்தது, ஒருவர்தான் போடலாமாம். மாமா, இதை யாரோ வரப்போகிறார்கள் என்று நான் செய்யச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை.

அடுத்த வெள்ளியைப் பார்த்தேன். எல்லாக் கட்டத்துக்கும் நிறம். கடைசியில் 'சேர்' என்று எழுதிய ஒன்று மட்டும் வெள்ளை.

"உங்களுக்கு என்ன நிறம் அடிக்கிறது எண்டு தெரியேல்லை" என்றாள் தர்ஷிகா. "அது உங்கட அம்மாட நேர்த்தி. உங்கடையோ?"

ஜெனிஸ்ரா கரண்டியை நீட்டிக்கொண்டு நின்றாள். குழம்பு சொட்டியது.

வெள்ளிக்கிழமை வாங்கோ, மாமா. கட்டாயம் வாங்கோ. பலகை இருக்காது, மேசைச் சோடனை இருக்காது. மெடத்தோடு நான் கதைக்கிறேன். பிள்ளைகள் படிக்கிற நேரத்தில் வந்து, பின்வாங்கில் இருந்து பாருங்கோ. அம்மாவுக்கு இதைப் பற்றி மூச்சு விட வேண்டாம். இடமாற்றம் கிடைக்காவிட்டால் கந்தோரில்தான் ஏதோ பிழை என்று அவ நினைத்துக்கொள்ளட்டும்.

உப்பு அளவாக இருந்தது.