ரெண்டு அண்ணை கேமரா வாங்கிய கதை

ஆஸ்திரேலியாவுக்குக் குடிவந்த தமிழர்களிலேயே உப்பு வாங்க அதிக நாள் யோசித்தவர் ரெண்டு அண்ணைதான். இரண்டு வகை உப்பு வாங்கி, ஒரே பருப்பை இரண்டு சட்டியில் சமைத்து, எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னவர் அவர். நாங்கள் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, இரண்டுமே உப்புக் கரிக்கிறது என்று தீர்ப்புச் சொன்னோம். அண்ணை அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. அடுத்த வாரம் சாம்பாரில் மறுவிசாரணை நடந்தது.

அவருடைய சொந்தப் பெயர் கீழே தபால் பெட்டியில் ஒட்டியிருந்ததோடு சரி. எதை வாங்கினாலும், "ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாப்பம்" என்பார். அதனால் ஸ்ட்ராத்ஃபீல்ட் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த எங்கள் கட்டடத்தில் அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் சிக்னல் பராமரிக்கிற வேலை. தண்டவாளத்தில் சிவப்பா பச்சையா என்று ஒரு நொடியில் சொல்லிவிடுகிற மனிதர், வீட்டுக்கு வந்து சட்டை மாற்றியதும் இரண்டு தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவார்.

நானோ திருச்சிக்காரி. கட்டிக்கொண்டவரையே பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜி ஆறுவதற்குள் முடிவு செய்தவள். அப்படிப்பட்ட என்னை அண்ணையின் எதிர்வீட்டில் கொண்டுவந்து வைத்தது யார் செய்த வேலையோ தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு எல்லோரும் புறப்பட்டோம். எம்4 நெடுஞ்சாலையில் போனால் சீக்கிரமா, பரமட்டா ரோட்டில் போனால் சீக்கிரமா என்று அண்ணைக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். எங்கள் காரை ஒரு வழியில் அனுப்பிவிட்டு, அவர் தம் காரை இன்னொரு வழியில் ஓட்டினார். இரண்டு காரும் கோயில் வாசல் பார்க்கிங் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஜெயித்தது யார் என்று அவர் இறங்கிவந்து விவாதித்து முடிப்பதற்குள் உள்ளே அபிஷேகம் முடிந்து, பிரசாதமும் தீர்ந்துவிட்டது. முருகனே சிரித்திருப்பார்.

இந்த மனிதரின் வீட்டில்தான் ஒரு நல்ல செய்தி வந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து, அவர் மனைவி வதனி அக்கா முழுகாமல் இருந்தார். கட்டடமே குதூகலமாகிவிட்டது. வதனி அக்கா விவரமானவர். தொட்டில், தள்ளுவண்டி, குழந்தைத் துணிமணி எல்லாவற்றையும் அண்ணையின் காதில் போடாமல் என்னை அழைத்துக்கொண்டு போய் வாங்கி முடித்துவிட்டார். ஒன்றே ஒன்றை மட்டும் அண்ணை தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். கேமரா.

பிள்ளை பிறந்த அன்றே நல்ல கேமராவில் அதைப் படம் எடுத்துவிட வேண்டும் என்பது அவர் வைராக்கியம். போனில் எடுத்தால் ஆகாதா என்று நான் கேட்டேன். போனில் எடுப்பது போனுக்குள்ளேயே கிடந்து ஒருநாள் போனோடு போய்விடும், சட்டம் போட்டு மாட்டுவதுதான் படம் என்றார். ஆரம்பக்காரர்களுக்கான மிரர்லெஸ் கேமராக்களில் இரண்டைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதற்கு மேல் நகரவில்லை. ஒன்று கொஞ்சம் கனம். பிடிக்கிற கை ஆடினாலும் அதுவே சமாளித்துக்கொள்ளும். அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்தார். மற்றது உள்ளங்கை அளவு. முகம் எங்கே இருந்தாலும் சட்டென்று கண்டுபிடித்து ஃபோகஸ் பண்ணும். அது சின்னவர். பெரியவர் இப்படிச் செய்கிறார், சின்னவர் அப்படிச் செய்கிறார் என்று அவர் பேசுவதைக் கேட்டவர்கள், ஊரில் ஏதோ பங்காளித் தகராறு என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் பரமட்டாவில் உள்ள கேமராக் கடைக்குப் போவார். அங்கே இரண்டு கேமராவையும் மேசையோடு கம்பி போட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். கேமரா நகராது என்பதால் படம் எடுக்க வேண்டியதை அண்ணை கொண்டுபோனார். சின்னக் குழந்தை அளவில் ஒரு பூசணிக்காய். அதற்குக் கண், மூக்கு, வாய் வரைந்து, வதனி அக்கா வாங்கி வைத்திருந்த புதுக் குழந்தைப் போர்வையில் சுற்றி, தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே ரயிலில் போனார். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி ஆசையாக எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டாளாம்.

சின்னவர் அந்தப் பூசணிக்காயை உடனே முகம் என்று கண்டுகொண்டு, கண்ணைச் சுற்றிக் கட்டம் போட்டுவிட்டார். பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணை சின்னவரை நிராகரித்துவிட்டு வந்தார்.

"பூசணிக்காயை ஆளெண்டு நம்புற கமராவை நாங்கள் எப்பிடித் தங்கச்சி நம்புறது?" என்றார் என்னிடம்.

ஒருவழியாகப் பெரியவர் ஜெயித்தார் என்று நாங்கள் பெருமூச்சு விட்டோம். இரண்டு நாள்கூட ஆகவில்லை, கதவைத் தட்டினார். முகத்தில் கவலை. பிறந்த உடனே எல்லாப் பிள்ளைக்கும் முகம் பூசணிக்காய் மாதிரித்தானே இருக்கும், அப்படியென்றால் பெரியவர் நம் பிள்ளையையும் கண்டுகொள்ளமாட்டாரே என்று கேட்டார். வழக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. கடையில் இருந்த பையன், அண்ணை தலை தெரிந்தாலே ஸ்டாக் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விடுவான் என்று கேள்வி.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஒருநாள் வதனி அக்காவிடம், "உங்க வீட்டுக்காரருக்கு ஒரு பொட்டியைக் கையில எடுத்துட்டு வர்றதுல என்னக்கா கஷ்டம்?" என்று கேட்டேவிட்டேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்.

"அவருக்குச் சின்ன வயசுப் படம் ஒண்டும் இல்லையடி. சண்டையில இடம்பெயரேக்க அல்பம் எல்லாம் வீட்டோட போச்சு. அடையாள அட்டைக்கு எடுத்த படந்தான் அவற்ர முதல் படம். அதிலயும் முழுசிக்கொண்டு நிக்கிறார். அதுதான் இவருக்கு இந்தப் பயம். பிழையானதை வாங்கிப் பிள்ளையின்ர படமும் இல்லாமப் போயிடுமோ எண்டு."

அதற்குப் பிறகு நான் கேமரா விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. பூசணிக்காயை நானே ஒருமுறை தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

குழந்தை பிறக்க மூன்று வாரம்போல் இருக்கும்போது அண்ணைக்கு ஒரு யோசனை வந்தது. இந்த ஊர்க் கடைகள் சிலவற்றில் மனம் மாறினால் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆகவே இரண்டையுமே வாங்கி வீட்டில் வைத்துப் பார்ப்பது, தோற்றதைத் திருப்பிக் கொடுப்பது. பூசணிக்காய் அழுகிவிட்டதால் மாதிரிக் குழந்தையாக என் கணவர் நியமிக்கப்பட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற அவரைச் சுற்றி, அண்ணை இரண்டு கேமராவும் கையுமாகத் தவழ்ந்தார். பிள்ளை மாதிரியே நித்திரை கொள்கிறார் என்று பாராட்டு வேறு. என் கல்யாண ஆல்பத்தில்கூட என் கணவருக்கு அத்தனை படம் கிடையாது.

திருப்பிக் கொடுக்கக் கடைசி நாள் வந்தது. ஒரு சனிக்கிழமை. அண்ணை காலையில் ஒரு பையோடு போனார். போனவர் சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார். எது ஜெயித்தது என்று எல்லோரும் படிக்கட்டில் கூடிவிட்டோம்.

"ரெண்டையும் குடுத்திட்டன்" என்றார்.

ஒன்றை வைத்துக்கொண்டால் மற்றதற்கு அநியாயமாகப் போய்விடும் போல் தோன்றியதாம். கவுண்டரில் நின்று யோசித்து யோசித்து, கடை மூடுகிற நேரமாகிவிட, இரண்டையும் தள்ளிவிட்டு வந்துவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து புதிதாக யோசிக்கப் போவதாகச் சொன்னார். வதனி அக்கா கதவில் சாய்ந்து நின்றுகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"இஞ்சருங்கோ, பிள்ளை திங்கக்கிழமை வரைக்கும் இருக்காது போல கிடக்கு" என்றார்.

அன்று அண்ணை எம்4-ஆ, பரமட்டா ரோடா என்று கேட்கவில்லை. என் கணவர் ஓட்டிய காரில் பின்சீட்டில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை, பெண் குழந்தை. போனில் அண்ணையின் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"தங்கச்சி, கடை திறந்தவுடன போய்க் கமரா வாங்கிக்கொண்டு வாறியளே?"

"எதை வாங்கட்டும் அண்ணா? பெரியவரா, சின்னவரா?"

"எதெண்டாலும் வாங்குங்கோ. கெதியா வாங்கோ."

நான் கடைக்கு ஓடினேன். அவர் திருப்பிக் கொடுத்த இரண்டு பெட்டியும் கவுண்டருக்குப் பின்னாலேயே இருந்தன. விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பையன் துள்ளிக் குதித்து, இரண்டையும் எடுத்து என் முன்னால் வைத்து எது வேண்டும் என்று கேட்டான். அப்போதுதான் எனக்கு அந்த வியாதி வந்தது. மாப்பிள்ளையைப் பஜ்ஜி ஆறுவதற்குள் முடிவு செய்த நான், கை ஆடினால் என்ன ஆவது, முகம் பூசணிக்காய் மாதிரி இருந்தால் என்ன ஆவது என்று மரம் மாதிரி நின்றேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெட்டியைத் தொட்டேன். திறந்து பார்த்தால் பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தது. அடுத்தவர் கைக்குப் போகிற பொருள் என்று அண்ணை முழுதாக ஏற்றியே திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அண்ணை ஜன்னலோர நாற்காலியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். டொரன்டோவிலிருந்து வதனி அக்காவின் மூத்த சகோதரி போனில் வீடியோவில் இருந்தார். வதனி அக்கா பிறந்தபோது எடுத்த பழைய படம் ஒன்றைத் திரைக்கு நேரே பிடித்துக்கொண்டு, மூக்கு அப்படியே வதனி, உதடும் வதனி என்று சொல்லிக்கொண்டே போனவர், நெற்றி மட்டும் யாருடையது என்று தெரியவில்லையே, உங்கள் சின்ன வயசுப் படத்தைக் காட்டுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் என்று அண்ணையிடம் கேட்டார். வதனி அக்கா நிமிர்ந்து அண்ணையைப் பார்த்தார்.

அண்ணை வருத்தப்பட்டவராகவே தெரியவில்லை. குழந்தையின் நெற்றியை ஒரு விரலால் தொட்டார். பிறகு என்னைப் பார்த்து, "எங்கள் ரெண்டு பேரையும் சேத்து எடுங்கோ தங்கச்சி. இவளுக்கு ஒரு பிள்ளை பிறக்கேக்க வச்சுப் பாக்க ஒண்டு வேணும்" என்றார்.

எடுத்தேன். எதற்கும் இன்னொன்று எடுக்கட்டுமா என்று கேட்டேன். ஒன்றே காணும், போதும் என்றார். நான் கொண்டுவந்தது பெரியவரா சின்னவரா என்று அவர் அன்றைக்குக் கேட்கவே இல்லை.

அந்தப் படம் அவர்கள் வீட்டு ஹாலில் சட்டத்துக்குள் இருக்கிறது. கேமரா குழந்தையையே பிடித்துக்கொண்டதில் அண்ணையின் முகம் லேசாகக் கலங்கியிருக்கும். குழந்தையின் நெற்றி மட்டும் தெளிவாக இருக்கும். நான் எடுத்த படங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எனக்குத் தெரிந்த மனிதர்களிலேயே மிகவும் பிடித்தவர் அதில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.