நங்கூரத்துக்கு ஒரு பெட்டி

சவப்பெட்டிக்கு வந்த அளவைப் பார்த்ததுமே தச்சர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். ஆறேகால் அடி. பட்டறைக்கு இப்போது வேலை கொடுத்திருக்கும் சினிமாவில் அவ்வளவு உயரத்துக்கு ஒருத்தன்தான் உண்டு.

"இது யாருக்கு மேஸ்திரி?"

"சினிமாக்காரங்களுக்கு."

"அது தெரியுது. உள்ள படுக்கப்போறது யாரு?"

"இப்படியே கேட்டுக்கிட்டு நின்னா நீங்கதான். ரம்பத்த எடுங்க."

படப்பிடிப்புகளுக்கு மரச்சாமான் செய்து கொடுக்கிற பட்டறை அது. சிம்மாசனம், சிறைக்கதவு, தூக்குமேடை, எது கேட்டாலும் செய்வார்கள். என்ன படம், யார் நடிக்கிறார்கள் என்றெல்லாம் தச்சர் கேட்டதே கிடையாது. கேட்டு என்ன ஆகப்போகிறது, இடுப்பு வலி குறையவா போகிறது?

இந்தப் படம் மட்டும் வேறு. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் நங்கூரம் என்பவனின் கதை. இரண்டு பாகம் வந்து, மூன்றாவதை இப்போது எடுக்கிறார்கள். முதல் பாகத்தில் ஒரு இடம் வரும். நாளெல்லாம் மூட்டை சுமந்தவன் நேரே முதலாளி அறைக்குப் போவான், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்காருவான். வசனமே கிடையாது. அவன் உட்கார்ந்ததற்குத் தியேட்டரே எழுந்து நின்றது. தச்சரும் நின்றார். அதுவரைக்கும் தனக்காக யாரும் உட்கார்ந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

அவனுக்குத்தான் இப்போது பெட்டி.

வீட்டுக்கு வந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எங்கப்பா போனப்போகூட ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டீங்க" என்றாள் மனைவி. "இப்ப என்ன?"

"நங்கூரம் சாகப்போறான்டி."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவளும் இரண்டு பாகமும் பார்த்தவள்தான். "பெட்டி செய்யறது நீங்கதானே?" என்றாள்.

"ஆமா."

"சின்னதாச் செஞ்சிடுங்க. ஆளு நுழைஞ்சாத்தானே சாவான்?"

மறுநாள் தச்சர் பெட்டியில் ஒரு அடியைக் குறைத்தார். வண்டியில் ஏற்றும்போது மேஸ்திரி கண்ணை இடுக்கிப் பார்த்தார். ஆனால் டேப்பை எடுத்து அளக்க அவருக்கும் அலுப்பு.

இரண்டு நாள் கழித்து உதவி இயக்குநர் வந்தான். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, தூக்கம் கெட்ட கண்ணோடு இருந்தான். தச்சர் திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றார்.

"பெட்டி சின்னதாப் போச்சுண்ணே."

"மரம் சுருங்கியிருக்கும் சார்."

"பரவால்ல. அது நங்கூரத்தோட அம்மாவுக்குக் கச்சிதமா இருந்துச்சு."

தச்சர் கையிலிருந்த உளி கீழே விழுந்தது. "அம்மாவா? அந்தம்மா சாகிற மாதிரி கதை இருந்துச்சா?"

"இல்ல. பெட்டிதான் வந்துடுச்சே, வீணாப் போக வேணாம்னு டைரக்டர் சேர்த்துட்டாரு. அழுகை பிரமாதமா வந்திருக்கு. இப்ப பழைய அளவுலயே இன்னொண்ணு வேணும்."

இரண்டு பாகத்திலும் வாசலில் நின்று மகனுக்காகக் காத்திருந்த அம்மா. அவளைத் தன் கையால் அனுப்பிவிட்டோமே என்று தச்சருக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

"சும்மா இருந்திருந்தா அந்தம்மாவாவது பிழைச்சிருக்கும்" என்றாள் மனைவி.

"சின்னதாச் செய்யச் சொன்னது யாரு?"

"நான் சொன்னா? மத்ததெல்லாம் நான் சொல்லித்தான் கேக்கறீங்களா?"

இந்தத் தடவை அளவில் கை வைக்கவில்லை. நனைந்து முறுக்கிக்கொண்ட பலகை ஒன்று மூலையில் கிடந்தது. அதை மூடிக்குப் போட்டார். மூடவே மூடாது. மூடாத பெட்டியை எப்படிப் புதைப்பார்கள்?

உதவி இயக்குநர் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை தச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"எப்படிண்ணே தோணுச்சு? மூடியில அந்த இடுக்கு! டைரக்டர் அசந்துட்டாரு. இடுக்கு வழியா ஒரு கை தொங்குது, கிரேன்காரன் கை. நங்கூரம் அதப் பிடிச்சுக்கிட்டுக் கதறுறான்."

கிரேன்காரன் நங்கூரத்தின் ஒரே கூட்டாளி. ஒரே தம்ளரில் டீ குடிப்பவன்.

"அவனும் போயிட்டானா?" என்றார் தச்சர்.

"போயிட்டான். அதிருக்கட்டும், அந்தப் பெட்டி அவனுக்கே போயிடுச்சு, ஆறேகால் அடியில இன்னொண்ணு வேணும்ணே."

தச்சர் அவன் சட்டையைப் பிடிக்காத குறைதான். "சார், ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அவனுக்குத்தானே?"

"கதைய வெளிய சொன்னா எனக்கு வேலை போயிடும்ணே. லேசான பலகை போதும். பேருக்கு ரெண்டு சின்ன ஆணி அடிச்சாப் போதும். சீக்கிரம்."

அவன் போன பிறகு தச்சர் மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டார். கோணலாகச் செய்யச் செய்ய ஒவ்வொருத்தராகப் போய்க்கொண்டிருந்தார்கள். இனிமேல் ஏதாவது செய்தால் துறைமுகத்தில் நாய்கூட மிஞ்சாது.

"விட்டுடுங்க" என்றாள் மனைவி, அன்று சாயங்காலம். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "விதின்னு ஒண்ணு இருக்கு. போறவன நல்லபடியா அனுப்பி வைங்க."

"லேசான பலகை போதுமாம். பேருக்கு ரெண்டு ஆணியாம். உயிரக் கொடுத்து உழைச்சவனுக்குக் கடைசியில கிடைக்கிறது அதானா?"

"அவங்க கிடக்கறாங்க. நம்ம வீட்டு ஆளுன்னா எப்படிச் செய்வீங்களோ அப்படிச் செய்யுங்க."

அப்படித்தான் செய்தார். பட்டறையில் அரண்மனைக் கதவுக்கென்று வைத்திருந்த கெட்டி மரத்தை மேஸ்திரி சாப்பிடப் போன நேரத்தில் எடுத்தார். மூலைக்கு மூலை பலகையைப் பலகைக்குள் கோத்துப் பசை வைத்து இறுக்கினார். பேருக்கு அடிக்கச் சொன்ன ஆணிக்குப் பதிலாக விரல் நீளத் திருகாணிகளை வரிசையாக இறக்கினார். இடுப்பு விட்டுப்போனது. பொருட்படுத்தவில்லை. கடைசியில் உள்பக்கத்தையும் இழைத்து வழவழப்பாக்கினார். யாரும் பார்க்கப்போவதில்லைதான், ஆனால் படுக்கிறவனுக்குச் சிராய் குத்தக்கூடாது.

வண்டியில் ஏற்ற ஆறு பேர் தேவைப்பட்டார்கள். அது தெருமுனை திரும்பும் வரை தச்சர் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போய்த் தலை முழுகினார். மனசு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. நல்ல தூக்கமும் வந்தது.

அடுத்த வாரம், வாடகைக்குப் போன நாற்காலிகளைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினான் வண்டிக்காரன். தச்சர் தயங்கித் தயங்கி அவன் பக்கத்தில் போனார்.

"ஏம்ப்பா, அந்தக் கடைசிப் பெட்டி... எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? மரியாதையா அடக்கம் பண்ணாங்களா?"

வண்டிக்காரன் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"அட நீங்க வேறண்ணே! செத்த மாதிரி நடிச்சு ஏமாத்திட்டு, பெட்டிய ஒரே உதையில உடைச்சுக்கிட்டு நங்கூரம் வெளிய வரணும், அதான் கதையே. பொழுதுக்கும் உதைச்சு ஹீரோவுக்குக் கால் வீங்கினதுதான் மிச்சம், எந்தப் புண்ணியவான் செஞ்சானோ, பெட்டி அசையல. டைரக்டரும் பார்த்தாரு, 'சரி விடுங்க, செத்துட்டான்னே வெச்சுக்குவோம், புதைங்க'ன்னுட்டாரு."